மஞ்சள் கல்லிலிருந்து பார்த்தால்

"நடுறதுக்கு எல்லாரும் வருவான். தண்ணி ஊத்த ஒருத்தன் வரமாட்டான்."

என் சித்தி இதைச் சொல்லாத நாள் கிடையாது. பல் தேய்க்கும்போது வாயில் நுரையோடு சொல்வாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் போதும், சாலை நடுவே வாடிக் கிடக்கும் செடிகளைக் காட்டிப் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வாள். அந்த ஆள் பாவம், தன்னைத்தான் திட்டுகிறாளோ என்று அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவார். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்கப் போன இடத்தில், தொட்டிலைச் சுற்றிக் கொஞ்சிக்கொண்டிருந்த சொந்தக்காரர்களை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு இதையே சொன்னாள். அம்மா அவளை இடுப்பில் கிள்ளிய கிள்ளு ரொம்ப நாள் தெரிந்தது.

அதைச் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. 'எல்லாரும்' என்னும்போது மூக்கு விடைக்கும். 'ஒருத்தன்' என்னும்போது ஆள்காட்டி விரல் கூரையைக் குத்தும். 'வரமாட்டான்' என்றதும் கதவைச் சாத்தியது போல வாய் மூடிக்கொள்ளும். நான் இதை அச்சு அசலாகச் செய்து காட்டுவேன். அம்மா அடுப்படியில் விழுந்து விழுந்து சிரிப்பாள். சித்தி கையில் கிடைத்ததை என் மேல் எறிவாள். குறி தப்பிக்கொண்டே இருந்ததால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

கீழ்வீட்டில் நாங்கள், மாடியில் சித்தியும் சித்தப்பாவும். சித்தப்பாவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. அவர் அதிகம் பேசமாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து சித்தியே பேசிவிடுவதால் தேவையும் இல்லை.

சித்தி வேலை பார்த்தது ஒரு நிதியத்தில். பாழாய்ப்போன பூங்கா, தூர்ந்துபோன குளம், வெட்டி மொட்டையாக்கிய காட்டோரம், இப்படிப்பட்ட இடங்களை மறுபடி பச்சையாக்க வசதியானவர்களிடம் பணம் வாங்கி, அந்தந்த ஊர்க் குழுக்களுக்குக் கொடுப்பது நிதியத்தின் வேலை. செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஆபீஸ். படியேறும்போதே புதுத் தோல் வாசனை மூக்கில் ஏறும். உள்ளே சுவர் முழுக்கப் படங்கள். மண்வெட்டியோடு கோட்டுப் போட்டவர், மண்வெட்டியோடு பட்டுப்புடவைக்காரர், மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்தபடி ஒரு வங்கி மேலாளர்.

"இதுல ஒரு ஆளு ரெண்டாவது தடவ மண்வெட்டியத் தொட்டிருப்பானாடா?" என்பாள் சித்தி.

பணம் போன இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வது அவள் வேலை. எந்தக் குழு போன் செய்து, "நாங்க இவ்வளவு நட்டுட்டோம் மேடம்" என்றாலும் அவள் கேட்பது ஒரே கேள்வி: "எத்தன உசிரோட இருக்கு?" அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்கும். இவள் போனை வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "பட்டுப்போச்சு" என்பாள். ஆபீஸில் அவளுக்கு அதுவே பேராகிவிட்டது. டீ கொண்டுவருகிறவர்கூட, "பட்டுப்போச்சு மேடத்துக்குச் சக்கரை கம்மி" என்பார்.

பட்டுப்போனதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். நிதியத்தின் பணத்தை நிற்கிற பொருளுக்கு மட்டுமே செலவழிக்கலாம். செடி, வேலி, பெஞ்சு, பெயர்ப்பலகை. தண்ணீர், காவல், களையெடுப்பு இதெல்லாம் 'நடப்புச் செலவு'. அதற்குச் சல்லிக்காசு கிடையாது. சித்தி வருஷா வருஷம் இதற்காகத் தலைவரோடு மல்லுக்கட்டுவாள்.

தலைவர் சத்தம் போடாத மனிதர். வாய்க்குள் பஞ்சு வைத்திருப்பது போலப் பேசுவார். "வந்து... குடுக்கறவங்களுக்குக் காட்ட ஏதாவது இருக்கணும் இல்லையாம்மா? தண்ணியக் காட்ட முடியுமா? ஊத்தினாப் போயிடுமே."

"ஊத்தலேன்னா மரம் போயிடுமே சார்."

"நல்லதையே பாப்போமே."

அவருக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பதில்தான். ஆபீஸ் கூரை ஒழுகி, கம்ப்யூட்டர் மேல் தண்ணீர் கொட்டியபோதும் அதைத்தான் சொன்னாராம்.

தண்ணீருக்குப் பணம் வாங்க முடியாத சித்தி, குறைந்தபட்சம் ஏமாற்றாமலாவது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வோர் இடத்திலும் மேடாகப் பார்த்து ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பெயின்ட் அடிக்க வேண்டியது. பருவத்துக்குப் பருவம் அந்தக் கல்லின் மேல் ஏறி நின்று, அதே திசையைப் பார்த்து ஒரு படம் எடுக்க வேண்டியது. படம் பச்சையாக இருந்தால் அடுத்த தவணை. இல்லாவிட்டால் இல்லை. இதைத் தலைவர் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். கல் நிற்கிற பொருளாயிற்றே.

"இனிமே எவனும் என் காதுல பூ சுத்த முடியாது" என்று சித்தி வீட்டுக்கு வந்து காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஊருக்கு வெளியே மூன்று செங்கல் சூளைப் பள்ளங்கள் இருந்தன. அங்கிருந்த மண்ணெல்லாம் செங்கலாகி, வீடாகி, நாங்களெல்லாம் அதற்குள் குடியேறிய பிறகு, பள்ளத்தில் எங்கள் குப்பை குடியேறியது. பக்கத்துத் தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து குப்பையை அள்ளினார்கள். அவர்களுக்குத் தலைமை ஒரு டிரில் மாஸ்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் கழுத்தில் விசில் ஓய்வு பெறவில்லை. நிதியம் பணம் கொடுத்தது. கரையில் அத்தியும் மூங்கிலும், தண்ணீரோரம் நாணலும் வைத்தார்கள். முதல் பள்ளத்தின் இந்தப் பக்கக் கரைமேல் சித்தி தன் கையாலேயே மஞ்சள் கல்லை நட்டாள்.

தன் கல்யாண ஆல்பத்திலேயே குறை சொல்கிறவள், அந்தப் பள்ளத்தைப் பற்றி மட்டும், "இது வரும்டா" என்றாள்.

அப்போதுதான் பெயின்ட் கம்பெனி முதலாளியம்மா வந்தார். ஒரே ஓர் இடத்தைப் பார்ப்பாராம். பிடித்துவிட்டால் அதே மாதிரி இன்னும் இருபது இடத்துக்குப் பணம் தருவாராம். தலைவர் சூளைப் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு சித்தியைக் கூப்பிட்டார். "இது மட்டும் நல்லபடியா அமைஞ்சுடுச்சுன்னா, வந்து... இருபது எடத்துக்கும் மூணு வருஷத் தண்ணிக்கும் காவலுக்கும் சேத்துக் கேட்டுடறேன். என் வாக்கும்மா."

அன்றைக்கு வீட்டில் சித்தி அந்தப் புலம்பலை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அம்மா வந்து அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

முதலாளியம்மா வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சித்தி பள்ளத்துக்குப் போனாள். மஞ்சள் கல்லின் மேல் ஏறி நின்றால், கண்ணை நிறைக்கிற பச்சை. நாணல் இடுப்புயரம். மூங்கில் தலையசைத்துக்கொண்டிருந்தது. நீர்க்கோழி ஒன்று குஞ்சுகளோடு குறுக்கே போனது. சித்தி படம் எடுத்தாள். பக்கத்தில் தண்ணீர் லாரிக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். யாருக்கும் லேசில் நன்றி சொல்லாத சித்தி, அவருக்கு நன்றி சொல்லலாம் என்று போனாள்.

"அந்தப் பக்கத்துப் பள்ளத்துக்கு எப்ப ஊத்துவீங்கண்ணே?"

"அது எதுக்கும்மா? அது படத்துல வராதுல்ல."

"என்னது?"

"படத்துலம்மா. அதோ அந்த மஞ்சக் கல்லு இருக்குதுல்ல, அதுல நின்னா தெரியற வரைக்கும் ஊத்தினாப் போதும்னாங்க. இந்தப் பக்கம் இந்த மூங்கிலு, அந்தப் பக்கம் அந்த அத்தி. மொத நாளு நானே ஏறி நின்னு பாத்துக்கிட்டேன். வேலன்னா சுத்தமா இருக்கணும்ல?"

சித்தி இரண்டு பள்ளத்துக்கும் நடுவே இருந்த கரையேறி அந்தப் பக்கம் இறங்கினாள். இரண்டாவது பள்ளம், மூன்றாவது பள்ளம், இரண்டிலும் முழுக்கக் குச்சிகள். ஒவ்வொரு கன்றையும் ஓர் ஊன்றுகோலோடு துணிக்கிழிசலால் பதவிசாகக் கட்டியிருந்தார்கள். அதில் எது கன்று, எது ஊன்றுகோல் என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே நிறம். பிடித்து இழுத்தால் ஒன்றும் இல்லாத மாதிரி கையோடு வந்தது.

டிரில் மாஸ்டர் வீட்டு வாசலில் நின்று அவள் போட்ட சத்தத்துக்குத் தெரு கூடிவிட்டது. அவர் ஒதுங்கவில்லை. எதிரே வந்து அட்டென்ஷனில் நின்றார்.

"மேடம். கத்தி முடிச்சாச்சா? இப்ப நான் பேசலாமா? தண்ணிக்குன்னு நீங்க ஏதாச்சும் குடுத்தீங்களா? இல்ல. போட்டோ பச்சையா இல்லேன்னா தவணை இல்லன்னீங்களா? ஆமா. வீடு வீடா ஏறி எறங்கி ஒரு லாரிக்குத் தேத்துனோம். ஒரு லாரித் தண்ணிய மூணு பள்ளத்துக்கும் தெளிச்சா மூணும் சாவும். சரி, ஒண்ணையாவது காப்பாத்துவோம்னு பாத்தோம். எதக் காப்பாத்தணும்னு நீங்கதான மேடம் கல்லு நட்டுக் காட்டிட்டுப் போனீங்க?"

சித்திக்கு வாயடைத்துப் போனதை அந்தத் தெரு முதலும் கடைசியுமாகப் பார்த்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் அடைத்த வாய் திறந்துகொண்டது. டம்ளர் சுவரில் போய் விழுந்தது. "நானே! நானே கல்ல நட்டு, இது வரைக்கும் பொழைங்க, மிச்சமெல்லாம் செத்துப் போங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்!"

சித்தப்பா டம்ளரை எடுத்து நெளிவை நிமிர்த்திக்கொண்டே, "என் கடைக்கு வர்றவங்களும் அப்படித்தான். முன்னாடி மட்டும்தான் பாப்பாங்க. பக்கவாட்டுல பாக்கறதுக்கு நான் கண்ணாடி விக்க முடியாது" என்றார்.

"இத இப்பத்தான் சொல்லணுமா?"

"எப்ப சொன்னாலும் நீ இப்படித்தான் மொறைப்ப."

அம்மா நடுவில் புகுந்தாள். "இந்தா பாருடி, வாய மூடிக்கிட்டு இரு. அந்தம்மா வரட்டும், பாக்கட்டும், பணம் வரட்டும். தண்ணிக்குத்தான் கேக்கறேன்னு தலைவர் சொல்லியிருக்காரே? அப்புறம் மிச்சத்த நட்டுக்க."

சித்தி யோசித்தாள். அவள் யோசித்தாள் என்பதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். அதற்கப்புறம்தான் படத்தை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனாள்.

"படம் அழகா இருக்கேம்மா!"

"படம் அழகா இருக்கு சார். எடம்தான் செத்துக் கெடக்கு." நடந்ததை அப்படியே சொன்னாள்.

தலைவர் கொஞ்சமும் பதறவில்லை. "அந்த அம்மாவுக்கு முட்டி வலி. கரைக்கு அந்தப் பக்கமெல்லாம் எறங்க மாட்டாங்க."

"சரி. ஆனா மூணு வருஷத் தண்ணி கேப்பீங்கல்ல சார்?"

தலைவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "அத... இந்தத் தடவ வேணாம்னு பாத்தேன். இவ்வளவு பச்சையா இருக்கே, தண்ணிக்குன்னு தனியா எதுக்குப் பணம்னு கேப்பாங்க இல்லையா? நியாயம்தானே? இந்தப் படத்தையே பெருசா அடிச்சு, இருபது எடத்துலயும் இதே மாதிரி ஒரு மஞ்சக் கல்லு வெச்சுடலாம்மா. உங்க யோசனைதான். நல்லதையே பாப்போமே."

சித்தி படத்தை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

விழாவுக்கு மைக் பிடிக்க என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். பல குரல் பேசுவது என் பிழைப்பு. தலைவர் என்னைத் தனியாக அழைத்து, "தம்பி, வந்து... உங்க சித்தி கைக்கு மட்டும் மைக் போகக் கூடாது" என்றார். நானும் மைக் வயரை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டேன். சித்தி மைக் இருந்த பக்கமே திரும்பவில்லை. புதுசாக இஸ்திரி போட்ட உடுப்போடு, தலைவருக்கு ஒரு பக்கமாக, கைகட்டி நின்றாள். முகத்தில் சிரிப்பு வேறு. நான் வயரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

முதலாளியம்மா மஞ்சள் கல்லின் மேல் ஏறி நின்றார். முதலில் கல்லைத்தான் பார்த்தார். "இது எங்க கம்பெனி மஞ்சள் இல்லையே." தலைவர் அடுத்த தடவை மாற்றிவிடுவதாகச் சொன்னார். பிறகு பச்சையைப் பார்த்து அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு கன்றை அவர் கையால் நட்டு, பித்தளைப் பூவாளியால் தண்ணீர் ஊற்றினார். போட்டோக்காரர் சுற்றிச் சுற்றி எடுத்தார். பூவாளியை அவர் திருப்பிக் கொடுத்தபோது, வாங்கிக்கொள்ள நின்றது சித்தி.

"இன்னும் பாதி இருக்கேம்மா" என்றாள் சித்தி, தேனாக. "கரைக்கு அந்தப் பக்கமும் நம்ம கன்னுதான் நிக்குது. உங்க கையால அதுக்கும் கொஞ்சம் ஊத்திட்டுப் போயிடுங்க. ரொம்ப நாளா காத்துக்கிட்டிருக்கு."

"அம்மாவுக்கு முட்டி..." என்றார் தலைவர்.

"முட்டி என்ன பெரிய முட்டி! வாங்க" என்று அந்த அம்மா உற்சாகமாகச் சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். கூட்டமும் பின்னால் ஏறியது. தலைவர் கடைசியாக ஏறினார்.

அந்தப் பக்கம் குச்சிகள். வரிசை வரிசையாக, கிழிசல் கட்டிய குச்சிகள். முதலாளியம்மா பூவாளியோடு இறங்கி நாலடி நடந்தார், நின்றார். சுற்றிலும் பார்த்தார்.

"இதுல எதுக்குமா ஊத்தணும்?"

"எதுக்கு வேணா ஊத்துங்கம்மா. எல்லாம் ஒண்ணுதான்."

வயர் எட்டிய மட்டும் கரையேறி நின்ற எனக்கும் கேட்டது. மைக்கை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. "என்ன அவமானப்படுத்தவா கூட்டிட்டு வந்தீங்க? நான் நடறதுக்குப் பணம் தர்றேன். அதுக்கப்புறம் அவங்கவங்க பாத்துக்க வேணாமா?"

"அவங்கவங்கன்னா யாரும்மா?"

அந்த அம்மா கையிலிருந்த பூவாளி கீழே விழுந்து, தண்ணீர் மண்ணில் இறங்கிய சுவடு தெரியாமல் இறங்கியது. "வண்டிய எடுக்கச் சொல்லு" என்று அவர் திரும்பினார். தலைவர் கரைமேலிருந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், எதையாவது பேசிச் சமாளி என்று. நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். பழக்க தோஷம், அவர் குரலிலேயே வந்துவிட்டது: "வந்து... நல்லதையே பாப்போமே." கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் கூலியும் அதோடு போயிற்று.

அதோடு யாராவது மனம் மாறித் தண்ணீரோடு ஓடி வந்தார்கள் என்று நினைத்தால், அது வேறு யாருடைய சித்தியோ. முதலாளியம்மா தன் பணத்தை இன்னொரு நிதியத்துக்குக் கொடுத்துவிட்டார். அங்கே பெயர்ப்பலகை இன்னும் பெரிதாக வைப்பார்களாம். சூளைப் பள்ளத்துக்கு வர வேண்டிய தவணையும் நின்றது. டிரில் மாஸ்டர் எங்கள் வாசலுக்கே வந்து, "எங்க பேர சந்தி சிரிக்க வெச்சிட்டீங்களே மேடம்! அந்த ஒரு பள்ளத்தையாவது விட்டு வெச்சிருக்கலாமில்ல?" என்று கத்திவிட்டுப் போனார். சித்தி கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. இருந்த கோபமெல்லாம் வேறு விலாசத்துக்குப் போக வேண்டியது.

முதலாளியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டால் வேலையில் இருக்கலாம் என்று ஆபீஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சித்தி என்னைக் கூப்பிட்டாள். "டேய் மைக்கு, வண்டிய எடு. கடப்பாரை ஒண்ணு எங்கேருந்தாவது வாங்கிட்டு வா."

பள்ளத்துக்குப் போனோம். மஞ்சள் கல்லைச் சுற்றி அவள் குத்திய குத்தில் பொறி பறந்தது, கல் அசையவில்லை. டிரில் மாஸ்டர் எங்கிருந்தோ வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் கடுகடுப்பு குறையவில்லை.

"கடப்பாரைய இப்படியா மேடம் புடிப்பாங்க? தள்ளுங்க." பிடுங்கி, நாலு நெம்பில் கல்லைப் பெயர்த்துப் போட்டார். "எடுத்துட்டுப் போயிடுங்க. இனிமே எதக் காப்பாத்தறது, எத விடறதுன்னு நாங்களே பாத்துக்கறோம்."

"பாத்துக்கங்க" என்றாள் சித்தி.

கல்லைச் சாக்கில் கட்டி, வண்டியில் முன்னால் வைத்து, ஆபீஸுக்குப் போனோம். இரண்டு மாடி தூக்கிக்கொண்டு ஏறியது நான். செருப்புக் கடைக்காரர், "என்ன தம்பி, அம்மிக்கல்லா?" என்றார். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

சித்தி தட்டாமலே கதவைத் திறந்தாள். நான் சாக்கோடு பின்னால். அவள் கண் காட்டியதும் கல்லைத் தலைவரின் கண்ணாடி மேஜைமேல் வைத்தேன். கண்ணாடி கீச்சென்றது. மண் உதிர்ந்து அவர் பேனாமேல் விழுந்தது.

தலைவர் கல்லைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் வாயில் பஞ்சு இல்லை. "மன்னிப்புக் கேக்க வந்தீங்கன்னு நெனச்சேன். நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு தெரியுதா உங்களுக்கு? உங்க ஒரு ஆளோட கோவத்தால இருபது எடத்துக்கு மரம் இல்லாமப் போச்சு!"

சித்தி சொன்னது இதுதான். ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல்:

"மரம் இல்ல சார், குச்சி. இருபது எடத்துல குச்சி நடறது மிச்சமாச்சு, அவ்வளவுதான். மூணு பள்ளத்துல ரெண்டக் கொன்னது என் கல்லு. அந்தப் பழிய நானே சொமந்துக்கறேன், அதுக்கு நீங்க எனக்கு வக்காலத்து வாங்க வேணாம். ஆனா செத்தது தெரிஞ்சும் இதே கல்ல இன்னும் இருபது எடத்துல நடலாம்னு சொன்னது நான் இல்ல. மன்னிப்புக் கேக்கணும்னா அந்தக் குச்சிங்ககிட்டதான் கேக்கணும். நான் கேட்டுட்டேன், நீங்களும் ஒரு நட போயிட்டு வாங்க. இந்தக் கல்ல உங்களுக்குன்னுதான் கொண்டாந்திருக்கேன். உங்க நாற்காலியத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுட்டு, இது மேல ஏறி நில்லுங்க. இங்கேருந்து பாத்தா எல்லாமே பச்சையாத்தான் தெரியும். எறங்கிடாதீங்க சார். எறங்கினா தண்ணி ஊத்தணும்."